நிறம் பிரித்த ஸ்வெட்

இலைச் சாற்றில் தொடங்கிய ஆராய்ச்சி, கடலையில் ஒளிந்த விஷத்தைக் காட்டிக் கொடுத்த கதை

பெயருக்கும் வாழ்க்கைக்கும் பொருத்தம் அமைவது உலகத்தில் அபூர்வம். குபேரன் என்று பெயர் வைத்துக்கொண்டு கஞ்சிக்கு அலைகிறவர்கள் உண்டு. தைரியசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு இருட்டைக் கண்டால் நடுங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ருஷ்யத் தாவர நூல் அறிஞர் மிகைல் ஸ்வெட் விஷயத்தில் அந்தப் பொருத்தம் நூற்றுக்கு நூறு அமைந்திருந்தது. ருஷ்ய மொழியில் ஸ்வெட் என்றால் நிறம் என்று பொருள். அவர் ஆயுள் முழுவதும் செய்த வேலையும் நிறங்களைப் பிரித்துப் பார்த்ததுதான்.

அந்த வேலையை அவர் காலத்துப் பெரிய விஞ்ஞானிகள் விளையாட்டு என்று தள்ளினார்கள். அவர் கண்ணை மூடும்போது அவருடைய முறையைக் கையாண்டவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். இன்றோ மருந்துத் தொழிற்சாலையிலும், ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்திலும், உணவில் கலப்படமும் விஷமும் உண்டா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடத்திலும் அந்த முறை இல்லாமல் ஒரு நாள் நகராது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சக்காளான் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத விஷத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவர் காட்டிய வழியில் வந்த ஒரு கண்ணாடித் தகடுதான்.

தாயில்லாப் பிள்ளை

1872-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊரில் ஸ்வெட் பிறந்தார். அவருடைய தந்தை ஸெம்யோன் ஸ்வெட் ருஷ்ய சர்க்கார் உத்தியோகஸ்தர். தாய் மரியா இத்தாலிய வம்சத்தைச் சேர்ந்தவர். தம்பதிகள் பிரயாணத்தின் நடுவே தங்கிய இடத்தில்தான் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளைக்கெல்லாம் தாய் இறந்து போனார்.

தந்தைக்கு உத்தியோகம் ருஷ்யாவில். தாயை இழந்த பச்சைக் குழந்தையை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்தில் ஒரு செவிலித் தாயிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு அவர் தம் தேசம் திரும்பினார். ருஷ்யப் பெயரைத் தாங்கிய குழந்தை, இத்தாலியில் பிறந்து, ஸ்விட்ஸர்லாந்தில் பிரெஞ்சு பேசி வளர்ந்தது. எந்த நாட்டையும் முழுக்கச் சொந்த நாடு என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலைமை அவருக்குத் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது.

1891-ல் ஜெனீவா சர்வகலாசாலையில் சேர்ந்தார். பௌதிகமும் ரசாயனமும் தாவர நூலும் படித்தார். கடைசியில் தாவரம்தான் மனத்தை இழுத்தது. செடியின் உயிரணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 24.

செல்லாத பட்டம்

பட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தந்தையின் நாட்டுக்கே போய் வாழ்வது என்று அந்த வருஷமே ருஷ்யாவுக்குப் புறப்பட்டார். அங்கே முதல் அடி விழுந்தது. ஜெனீவா டாக்டர் பட்டம் ருஷ்யாவில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்நாட்டுச் சர்வகலாசாலையில் உத்தியோகம் வேண்டுமானால் அந்நாட்டுச் சட்டப்படி மாஸ்டர் பட்டம் முதலில், டாக்டர் பட்டம் பிறகு என்று ஏணியின் கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏறியாக வேண்டும்.

இந்த நிலையில் வேறொருவராயிருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பார். ஸ்வெட் திரும்பவில்லை. ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விஞ்ஞான அகாடமியின் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்தார். பெண்களுக்காக நடந்த வகுப்புகளில் தாவர நூல் கற்பித்தார். அதோடு பட்டத்துக்கான ஆராய்ச்சியையும் நடத்தினார். 1901-ல் கஸான் சர்வகலாசாலை அவருக்கு மாஸ்டர் பட்டம் அளித்தது. 1902-ல் வார்ஸா நகரத்துச் சர்வகலாசாலையில் ஒரு சிறு உத்தியோகம் கிடைத்தது. அந்நாளில் வார்ஸா ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது.

இலையின் புதிர்

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இலையின் பச்சை நிறம். மரத்துக்கு மரம், செடிக்குச் செடி கண் எதிரே தெரிகிற அந்தப் பச்சையைப் பற்றி அக்காலத்து விஞ்ஞானிகளுக்குள் ஓயாத தகராறு. பச்சையம் என்பது ஒரே பொருளா, பல பொருள்களா? அதோடு கலந்திருக்கும் மஞ்சள் நிறப் பொருள்கள் எத்தனை? ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

இதற்கு நடுவே ஸ்வெட்டின் கண்ணில் ஒரு சிறிய புதிர் பட்டது. இலையைப் பெட்ரோலியம் ஈதர் என்ற திரவத்தில் ஊறவைத்தால் கரோட்டின் என்ற மஞ்சள் பொருள் மட்டும் இறங்குகிறது. பச்சை இறங்க மறுக்கிறது. அதே திரவத்தில் கொஞ்சம் ஆல்கஹாலைச் சேர்த்தால் பச்சை முழுவதும் இறங்கிவிடுகிறது. சரி, பெட்ரோலியம் ஈதரில் பச்சையம் கரையாதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. இலையிலிருந்து பிரித்து எடுத்த பச்சையம் அதே ஈதரில் சுகமாகக் கரைகிறது!

ஆல்கஹால் பட்டதும் பச்சையத்தின் தன்மையே மாறிவிடுகிறது என்று மற்றவர்கள் விளக்கம் சொன்னார்கள். ஸ்வெட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பச்சையம் மாறவில்லை, இலையின் திசு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆல்கஹால் வந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது என்பது அவருடைய ஊகம்.

ஊகத்தை நிரூபிக்க அவர் செய்த சோதனை மிக எளியது. வடிகட்டும் காகிதத்தில் இலைச் சாற்றை ஊற்றி உலர்த்தினார். உலர்ந்த காகிதத்தைப் பெட்ரோலியம் ஈதரில் போட்டார். கரோட்டின் இறங்கியது, பச்சை இறங்கவில்லை. ஒரு சொட்டு ஆல்கஹால் சேர்த்தார். பச்சை இறங்கியது. இலை செய்த அதே காரியத்தை உயிரில்லாத காகிதமும் செய்துவிட்டது. ஆகவே இதில் உயிரின் மாயம் ஒன்றுமில்லை. பொருளுக்குப் பொருள் ஒட்டிப் பிடிக்கும் சக்திதான் காரணம்.

கண்ணாடிக் குழாய்

இங்கேதான் ஸ்வெட்டின் மேதை வெளிப்பட்டது. ஒரு பரப்பு ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு அளவு வலுவாகப் பிடிக்கிறதென்றால், அந்த வித்தியாசத்தைக் கொண்டே கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரித்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது.

காகிதத்தை விட்டுப் பொடிகளைப் பிடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பொடிகளைச் சோதித்துப் பார்த்தார். இலைச் சாற்றுக்கு மிக நன்றாக ஒத்துவந்தவற்றில் ஒன்று, சாக்கட்டியில் இருக்கும் அதே கால்ஷியம் கார்பனேட். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இந்தப் பொடியை இறுக்கமாக, ஓட்டை விழாமல் அடைத்தார். மேலே இலைச் சாற்றைக் கொஞ்சம் ஊற்றினார். சாறு பொடியில் இறங்கியதும், அதன் மேல் சுத்தமான திரவத்தை விட்டுக்கொண்டே இருந்தார்.

குழாய்க்குள் நடந்ததைப் புரிந்துகொள்ளத் திருவிழாத் தெருவை நினைத்துப் பார்த்தால் போதும். தெருவின் ஒரு முனையிலிருந்து கூட்டம் ஒன்றாகத்தான் புறப்படுகிறது. கடைக்குக் கடை நின்று விலை கேட்கிறவர்கள் பின்தங்கிப் போவார்கள். எங்கேயாவது ஒரு கடையில் மட்டும் எட்டிப் பார்க்கிறவர்கள் நடுவில் வருவார்கள். எதையும் திரும்பிப் பார்க்காதவர்கள் முதலில் மறு முனைக்குப் போய்ச் சேருவார்கள். பொடியின் துகள்கள்தான் கடைகள். இலைச் சாற்றிலுள்ள பொருள்கள்தான் ஜனங்கள். ஓடும் திரவம்தான் பின்னால் தள்ளுகிற கூட்டம்.

சிறிது நேரத்தில் வெள்ளைப் பொடியின் மேல் வளையம் வளையமாக நிறங்கள் பிரிந்து நின்றன. மஞ்சள் சாயலுடன் ஒரு பச்சை. அதற்குக் கீழே நீலச் சாயலுடன் இன்னொரு பச்சை. மஞ்சள் வளையங்கள் பல. கரோட்டின் எதிலும் ஒட்டாமல் முன்னே ஓடிவிட்டது. பச்சையம் ஒன்றல்ல, இரண்டு என்பதற்கு இனி வாதம் தேவையில்லை, கண்ணால் பார்க்கலாம்.

பார்ப்பதோடு அவர் நிறுத்தவில்லை. பொடியை அப்படியே குச்சியால் மெல்ல வெளியே தள்ளி, கத்தியால் வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் தனியே ஆல்கஹாலில் கரைத்தார். ஒவ்வொரு நிறப் பொருளும் சுத்தமாகத் தனித்தனியே கைக்கு வந்தது. சூடு இல்லை, அமிலம் இல்லை, பொருளின் தன்மைக்குச் சேதம் இல்லை.

1903-ம் வருஷம் மார்ச்சு மாதம் வார்ஸா இயற்கை விஞ்ஞானிகள் சங்கத்தில் இந்த வழியைப் பற்றி முதன்முதலாகப் பிரசங்கம் செய்தார். 1906-ல் ஜெர்மன் தாவர நூல் சங்கத்தின் பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் எழுதி, முறைக்குப் பெயரும் சூட்டினார். கிரேக்க மொழியில் குரோமா என்றால் நிறம், கிராபி என்றால் எழுத்து. இரண்டையும் சேர்த்துக் குரோமடோகிராபி என்றார். நிற எழுத்து என்ற அந்தப் பெயருக்குள் தம்முடைய பெயரையும் அவர் ஒளித்து வைத்தாரோ என்று பிற்காலத்தவர்கள் ரசித்துப் பேசுவது உண்டு. நிறமுள்ள பொருள் மட்டுமல்ல, நிறமில்லாத பொருளும் இதே வழியில் பிரியும் என்பதையும் அப்போதே எழுதி வைத்தார். அந்த ஒரு வரியின் மதிப்பு தெரிய உலகத்துக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

பெரியவர்களின் எதிர்ப்பு

கட்டுரைகள் வந்ததும் பாராட்டு வரவில்லை, சண்டை வந்தது. பச்சையத்தைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றிருந்த போலந்து ரசாயன அறிஞர் மார்க்லெவ்ஸ்கி அவரைக் கடுமையாகத் தாக்கினார். ஏதோ வடிகட்டிப் பார்த்துவிட்டு ரசாயன சாஸ்திரத்துக்கே வழி காட்டுவதாவது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1907-ல் ஸ்வெட் தம் குழாய்களை எடுத்துக்கொண்டு ஜெர்மன் தாவர நூல் சங்கத்தின் கூட்டத்திலேயே நிற வளையங்களைப் பிரித்துக் காட்டினார். பார்த்தவர்கள் பார்த்தார்கள், ஆனால் ரசாயன உலகம் அசையவில்லை.

இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. அக்கால ரசாயன விஞ்ஞானிகளுக்குச் சுத்தம் என்றால் படிகம். ஒரு பொருளைப் படிகமாக்கி, நிறுத்து, உருகும் சூட்டைக் கண்டால்தான் நம்புவார்கள். ஸ்வெட்டின் குழாயிலிருந்து வந்ததோ துளியூண்டு. அதோடு அவர் ரசாயனத்தார் அல்ல, தாவர நூல்காரர். உயர்ந்த பதவியில் இருந்தவரும் அல்ல.

அந்நாளில் பச்சையத்தின் ஆராய்ச்சியில் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். அவர் மூட்டை மூட்டையாக இலைகளைக் கொண்டுவந்து பச்சையத்தைப் பெரிய அளவில் தயாரித்தவர். 1913-ல் தம் சீடர் ஸ்டோலுடன் சேர்ந்து எழுதிய பெரிய நூலில், ஸ்வெட்டின் முறை அதிக அளவில் தயாரிக்க உதவாது என்று ஒதுக்கினார். வேடிக்கை என்னவென்றால், பச்சையம் இரண்டு வகை என்று ஸ்வெட் சொன்னதை வில்ஸ்டேட்டரின் ஆராய்ச்சியும் உறுதி செய்தது. 1915-ம் வருஷத்து நோபல் பரிசு வில்ஸ்டேட்டருக்குப் போயிற்று.

ஸ்வெட் சோர்ந்துவிடவில்லை. 1907-ல் ஹெலெனா என்ற மாதை மணந்தார். 1908-ல் வார்ஸாப் பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார். 1910-ல் தம் ஆராய்ச்சி முழுவதையும் தொகுத்துப் பெரிய நூலாக ருஷ்ய மொழியில் வெளியிட்டார். அதற்காக வார்ஸா சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. ஜெனீவாவில் 24 வயதில் வாங்கிய பட்டத்தை மறுபடி வாங்குவதற்குள் அவருக்கு வயது 38 ஆகிவிட்டது! 1911-ல் விஞ்ஞான அகாடமி அந்த நூலுக்குப் பரிசும் கொடுத்தது. மஞ்சள் நிறப் பொருள்களின் குடும்பத்துக்கு இன்று வழங்கும் கரோட்டினாய்டு என்ற பெயரும் அவர் அந்த வருஷங்களில் வைத்ததுதான். ஆனால் அவருடைய நூல் ருஷ்ய மொழியில் இருந்ததால் மேல்நாட்டில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

யுத்தத்தின் நடுவே

கொஞ்சம் நிம்மதி வந்தது என்று நினைக்கும்போது 1914-ல் யுத்தம் மூண்டது. 1915-ல் ஜெர்மன் சேனை வார்ஸாவைப் பிடித்தது. பாலிடெக்னிக் முதலில் மாஸ்கோவுக்கும், 1916-ல் நீஷ்னி நோவ்கோரோடு நகரத்துக்கும் இடம் பெயர்ந்தது. போட்டது போட்டபடி வார்ஸாவை விட்டு வந்த ஸ்வெட்டுக்கு ஆராய்ச்சி செய்ய நிலையான இடம் இல்லாமல் போயிற்று. உடம்பும் கெட ஆரம்பித்தது.

1917-ல்தான் ஸ்வெட்டுக்கு முதன்முதலாக ஒரு சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று வழங்கும் யூரியெவ் நகரத்தில் தாவர நூல் பேராசிரியர் பதவி அது. அந்த நாற்காலியிலும் நிலையாக உட்கார விதி விடவில்லை. 1918-ல் ஜெர்மன் சேனை அந்த நகரத்துக்கும் வந்தது. சர்வகலாசாலையின் ருஷ்ய ஆசிரியர்கள் வோரோனேஷ் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். நோயாளியான ஸ்வெட்டும் அவர்களோடு போனார்.

அதே 1918-ல், ஹாலந்து தேசத்துத் தாவர நூல் அறிஞர் வான் விஸ்ஸெலிங் நோபல் பரிசுக்கு ஸ்வெட்டின் பெயரைச் சிபாரிசு செய்தார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. உள்நாட்டு யுத்தத்தின் குழப்பத்துக்கு நடுவே, 1919-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதி, வோரோனேஷில் ஸ்வெட் காலமானார். அப்போது அவருக்கு வயது 47.

முளைவிட்ட விதை

அவர் இறந்து 12 வருஷம் கழிந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் ரிச்சர்டு கூன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில் எட்கர் லெடரர் என்ற வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். கரோட்டின் ஒரே பொருளா, இரண்டா என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. பழைய புஸ்தகங்களைப் புரட்டியபோது ஸ்வெட்டின் பெயர் தட்டுப்பட்டது.

ஸ்வெட்டின் ருஷ்ய நூலுக்கு ஒரு ஜெர்மன் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதி இருந்தது. அதைத் தமக்காகத் தயாரித்து வைத்திருந்தவர் யார் தெரியுமா? ஸ்வெட்டின் முறையை ஒதுக்கித் தள்ளிய அதே வில்ஸ்டேட்டர்தான்! அவரிடமிருந்து கூனுக்கு வந்த பிரதி லெடரரின் கைக்குப் போயிற்று. ஒதுக்கியவர் வீட்டுப் பெட்டியிலேயே விதை பத்திரமாக இருந்திருக்கிறது.

1931-ல் லெடரர் குழாயில் பொடி அடைத்துக் கரோட்டினை ஊற்றினார். ஒன்று என்று நூறு வருஷமாக நம்பப்பட்ட கரோட்டின் இரண்டாகப் பிரிந்தது. கோழி முட்டையின் மஞ்சட்கருவிலுள்ள நிறப் பொருள்களும் பிரிந்தன. துளியூண்டு அளவுக்கு மேல் இந்த வழி உதவாது என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. ஐரோப்பாவெங்கும் ஆராய்ச்சிசாலைகளில் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. கரோட்டினாய்டுகளையும் வைட்டமின்களையும் ஆராய்ந்ததற்காகக் கூனுக்கு 1938-ம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தில் மார்ட்டின், ஸிஞ்சு என்ற இருவர் 1941-ல் இந்த முறைக்கு ஒரு புதிய கிளை கண்டுபிடித்து, 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஸ்வெட் நட்ட மரத்தில் பழம் பறித்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

குழாய் தகடாயிற்று

குழாய் முறையில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சோதனைக்கு ஒரு குழாய், நேரமும் அதிகம். 1938-ல் கார்க்கோவ் நகரத்தில் மருந்துச் சரக்குகளைச் சோதித்துவந்த இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு மாற்று கண்டார்கள். பொடியைக் குழாயில் அடைப்பானேன், கண்ணாடிச் சில்லின் மேல் மெல்லிசாகப் பூசினால் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். பூசிய பொடியின் நடுவே மூலிகைச் சாற்றை ஒரு சொட்டு விட்டார்கள். அதன் மேல் கரைக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் சாறு வளையங்களாக விரிந்தது. நிறமில்லாத வளையங்களைப் புற ஊதா ஒளியில் பார்த்தார்கள்.

பிறகு 1951-ல் அமெரிக்காவில் கிர்ச்னர் கண்ணாடிப் பட்டைகளில் பொடியை ஒட்டவைத்து நாரத்தை இனப் பழங்களின் எண்ணெயைச் சோதித்தார். 1956 முதல் ஜெர்மனியில் எகோன் ஷ்டால் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். பொடி இன்ன பருமன், பூச்சு இன்ன கனம், பூசும் கருவி இன்னது என்று விதிகள் வந்தன. சிலிகா ஜெல் பொடியோடு ஒட்டிக்கொள்ள ஜிப்ஸம் சேர்த்த பூச்சு உலகமெங்கும் பரவியது. மெல்லிய படலக் குரோமடோகிராபி என்று இதற்குப் பெயர். ஷ்டால் எல்லாவற்றையும் செம்மை செய்து முடித்த சமயத்தில்தான், அந்தத் தகட்டுக்கு என்றே காத்திருந்ததுபோல ஒரு விபரீதம் நிகழ்ந்தது.

வான்கோழிகளின் சாவு

1960-ம் வருஷம் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீனி எடுக்காது, சிறகு தொங்கும், ஒரு வாரத்துக்குள் சாவு. ஒரு லட்சத்துக்கு மேல் மடிந்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் அழுகியிருந்தது. தொற்றுநோய்க் கிருமியைத் தேடித் தேடிக் களைத்தார்கள். பெயர் வைக்கக்கூடத் தெரியாமல் வான்கோழி எக்ஸ் நோய் என்று அழைத்தார்கள்.

கடைசியில் சந்தேகம் தீனியின் மேல் திரும்பியது. செத்த குஞ்சுகள் தின்ற தீனியில் பிரேஸில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது. புண்ணாக்கை ஆராய்ந்தபோது அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சக்காளான் குற்றவாளி என்று 1961-ல் தெரிந்தது. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையிலும் மக்காச்சோளத்திலும் மஞ்சள் பச்சையாகப் படரும் பூசணம் அது. அது சுரக்கும் விஷத்துக்குப் பூஞ்சக்காளானின் பெயரிலிருந்தே அப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த விஷத்துக்குச் சுவை இல்லை, மணம் இல்லை. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் விஷம் தங்கிவிடும். சாதாரணமாகச் சமைக்கும் சூட்டுக்கு அழியாது. விஷமுள்ள புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் வேறு உருவத்தில் இறங்கும். நாள்பட உடம்பில் சேர்ந்தால் கல்லீரலில் புற்றுநோய் உண்டாகும். இத்தனைக்கும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு மேல் உணவில் இருக்கக்கூடாது என்று அரசாங்கங்கள் எல்லை கட்ட வேண்டிய அளவுக்குக் கொடுமையானது. நூறு கோடியில் ஒரு பங்கு என்றால், ஆயிரம் டன் கடலையில் ஒரு கிராம்!

நீலப் பொட்டு, பச்சைப் பொட்டு

ஆயிரம் டன்னில் ஒரு கிராமை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் ஸ்வெட்டின் சந்ததியான கண்ணாடித் தகடு வந்து நின்றது.

கடலையை முதலில் நன்றாக அரைக்க வேண்டும். ஒரு பிடி எடுத்தால் போதாது. பல்லாயிரம் நல்ல பருப்புக்கு நடுவே ஒரே ஒரு கெட்ட பருப்பில் விஷம் குவிந்திருக்கலாம். ஆகவே மூட்டைக்கு மூட்டை எடுத்து, கலந்து, அரைத்துப் பங்கிட வேண்டும். அரைத்த மாவைக் குளோரோபாரம் போன்ற திரவத்தில் குலுக்கி வடிகட்டினால் விஷம் திரவத்தோடு வந்துவிடும். கூடவே எண்ணெயும் வேறு சில்லறைச் சரக்குகளும் வரும். அவற்றைக் கழித்து, திரவத்தைச் சுண்டவைத்து, சிலிகா ஜெல் பூசிய தகட்டின் அடியோரத்தில் ஒரு சொட்டு வைப்பார்கள். அதன் பக்கத்திலேயே அளவு தெரிந்த சுத்தமான விஷத்தையும் சொட்டு வைப்பார்கள். பிறகு தகட்டை மூடிய கண்ணாடித் தொட்டியில் நிறுத்துவார்கள். தொட்டியின் அடியில் குளோரோபாரமும் அஸிட்டோனும் கலந்த திரவம் கொஞ்சம் இருக்கும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தத் திரவம் பூச்சில் ஏறும். ஏறும்போது சொட்டிலிருக்கும் பொருள்களையும் இழுத்துச் செல்லும். ஸ்வெட்டின் குழாயில் நிறங்கள் கீழே இறங்கியதுபோல, இங்கே பொருள்கள் மேலே ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒட்டாதது உயரப் போகும்; ஒட்டுவது கீழே தங்கும்.

தகட்டை எடுத்து உலர்த்தி இருட்டறையில் புற ஊதா ஒளியைக் காட்டினால் பொட்டுகள் மின்னும். நீலமாக மின்னுகிற இரண்டுக்குப் பி-1, பி-2 என்றும், பச்சையாக மின்னுகிற இரண்டுக்கு ஜி-1, ஜி-2 என்றும் பெயர். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே பியும் ஜியும். நான்கிலும் உயரமாக ஏறி நிற்கும் பி-1 தான் மகா கொடியது. பக்கத்திலுள்ள சுத்தச் சொட்டின் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் விஷத்தின் அளவும் தெரிந்துவிடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அந்தப் பொட்டில் இருந்தாலே பழகிய கண் கண்டுகொள்ளும். பெரிய யந்திரம் வேண்டாம். ஒரு தகடு, ஒரு தொட்டி, ஒரு விளக்கு, பொறுமையுள்ள ஒரு மனிதர் போதும். ஏழை நாடுகளிலும் இந்தச் சோதனை பரவியதற்கு அதுதான் காரணம்.

இந்த விஷம் வான்கோழியோடு நிற்கவில்லை. 1974-ல் ராஜஸ்தானத்தில் பான்ஸ்வாரா ஜில்லாவிலும் குஜராத்தில் பஞ்சமகால் ஜில்லாவிலும் பருவம் தப்பிய மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தது. வேறு உணவில்லாத ஏழை ஆதிவாசிகள் அதையே சமைத்து உண்டார்கள். காமாலை கண்டு, வயிறு வீங்கி, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் அதே நோயில் செத்தன. அவர்கள் உண்ட சோளத்தில் அப்ளடாக்ஸின் மிகுந்திருந்தது சோதனையில் வெளியாயிற்று. 2004-ல் கென்யாவிலும் மக்காச்சோளத்தால் 125 பேர் மாண்டார்கள்.

இன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் தகட்டின் இடத்தை விலை உயர்ந்த யந்திரங்கள் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த யந்திரத்தின் நடுவே இருப்பது என்ன? பொடி இறுக்கி அடைத்த ஒரு சிறு குழாய்; அதில் திரவத்தைத் தள்ளுகிற ஒரு பம்பு. கண்ணாடி போய் எஃகு வந்திருக்கிறது. சாக்கட்டிப் பொடி போய் வேறு பொடி வந்திருக்கிறது. தத்துவம் 1903-ல் வார்ஸாவில் பிரசங்கம் செய்த அதே தத்துவம்தான்.

ஸ்வெட்டுக்குச் சாகும்வரை ஒரு நிலையான ஆராய்ச்சிசாலை அமையவில்லை. அவர் நோபல் பரிசு பெறவில்லை. தம் முறை வெற்றி பெற்றதைக் கண்ணால் காணவுமில்லை. அப்ளடாக்ஸின் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை. இலை ஏன் பச்சையை விடமாட்டேன் என்கிறது என்ற ஒரு சிறு கேள்விக்கு நேர்மையாக விடை தேடினார். கிடைத்த விடையைப் பெரியவர்கள் பழித்தபோதும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பயனை, அவர் பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கான ஜனங்கள் தினம் தினம் தங்கள் சாப்பாட்டில் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.